ஒட்டகம், இருவாச்சி, தண்ணீர்

உங்கள் மகளுக்குப் பள்ளியில் ஒரு பாலைவன விலங்கையும் ஒரு காட்டுப் பறவையையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஒட்டகத்தையும் இருவாச்சியையும் எடுத்திருக்கிறீர்கள். “ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறது, இருவாச்சி மழைத்துளியை மட்டும் குடிக்கிறது, ஆகவே இரண்டும் தாகம் தாங்கும் உயிர்கள் என்று எழுதலாமா, இரண்டில் எது கெட்டி?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை உங்கள் கேள்வியின் அடியில் இருப்பது வேறொன்று. தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது இந்த இரண்டு உடம்பிலும் ஒரே காரியம்தானா? இல்லை, கிட்டத்தட்ட நேர் எதிரான இரண்டு காரியங்கள். ஒட்டகம் தண்ணீரை இழந்து, அந்த இழப்பைத் தாங்குகிறது. இருவாச்சி தண்ணீரை இழந்து நிற்கும் நிலைக்கே பெரும்பாலும் வருவதில்லை. மழைத்துளிக் கதையும் திமில் கதையும் இரண்டுமே தவறு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் கால்நடை மருத்துவர். வேலைக்கு வந்த புதிதில் இரண்டு வருடம் ராஜஸ்தானில் பிகானேர் பக்கம் ஒட்டகங்களோடு இருந்தேன். அப்புறம் பொள்ளாச்சிப் பக்கம் வந்து, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் வால்பாறை மேலே ஏறிவிடுவேன். ஒட்டகத்தைப் பற்றி நான் சொல்வது படிப்பும் தொழிலும். இருவாச்சியைப் பற்றிச் சொல்வது பார்த்ததும், ஆனைமலையில் பல வருடம் இந்தப் பறவையை ஆராய்ந்தவர்கள் எழுதியதைப் படித்ததும், அந்த மலைக்காட்டின் பழங்குடிகளான காடர் நண்பர்கள் சொல்லித் தந்ததும். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

திமிலில் இருப்பது கொழுப்பு. இதில் சந்தேகமே கிடையாது. பிறந்த குட்டிக்குத் திமில் ஒரு மடிந்த தோல் போலத்தான் இருக்கும். வயதான ஒட்டகம் தீனி இல்லாமல் கிடந்தால் திமில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும், பசும்புல் கிடைத்த பிறகு நிமிரும். “சரி, கொழுப்பு எரியும்போது தண்ணீர் வருமே” என்று கொஞ்சம் படித்தவர்கள் சொல்வார்கள். வரத்தான் செய்யும். ஒரு கிலோ கொழுப்பு முழுக்க எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று மேலே தண்ணீர் உண்டாகும். ஆனால் அதை எரிக்கப் பிராணவாயு வேண்டும், அதற்காகக் கூடுதலாக மூச்சு வாங்க வேண்டும், பாலைவனத்தின் காய்ந்த காற்றை உள்ளே இழுத்து ஈரமாக்கி வெளியே விட வேண்டும். கணக்குப் போட்டால் கிடைத்த தண்ணீர் மூச்சிலேயே போய்விடும், சில நேரம் கையிலிருந்தும் கொஞ்சம் போகும். ஆகவே திமில் ஒரு சோற்றுப் பானை. தண்ணீர்ப் பானை இல்லை. ஆனால் அந்தக் கொழுப்பை உடம்பு முழுக்கப் பரப்பாமல் முதுகின் மேல் ஒரே இடத்தில் குவித்து வைத்ததில் ஒரு நன்மை இருக்கிறது. மற்ற இடங்களில் தோலுக்கடியில் கொழுப்புப் போர்வை இல்லாததால், உள்சூடு எளிதாக வெளியேறும். வயிற்றில் தண்ணீர்ப் பை இருக்கிறது என்பதும் பழைய கதை. வயிற்றைத் திறந்து பார்த்தால் மற்ற அசைபோடும் விலங்குகளில் இருப்பது போன்ற தீனிக் கூழ்தான் இருக்கும்.

அப்படியானால் எப்படித்தான் சமாளிக்கிறது? இதை முறையாக அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் விலங்குகளின் உடலியக்கத்தை ஆராய்ந்த க்நூட் ஷ்மிட்-நீல்சன். 1953-54இல் குடும்பத்தோடு அல்ஜீரியாவில் சகாராவின் பெனி அப்பேஸ் என்ற பாலைவன ஊரில் போய்த் தங்கி, ஒட்டகங்களை வாங்கி வைத்து அளந்தார்கள். அவர்கள் கண்டதில் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது உடல்சூட்டுக் கணக்கு. தண்ணீர் கிடைக்கும் ஒட்டகத்தின் உடல்சூடு ஒரு நாளில் இரண்டு டிகிரி அளவுக்கு ஏறி இறங்கும். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் சூடு விடியற்காலையில் 34 டிகிரிக்கு இறங்கி, மாலையில் 40 டிகிரியைத் தாண்டும். நமக்கு 40 டிகிரி என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். ஒட்டகத்துக்கு அது சாயங்கால நேரத்துச் சாதாரண சூடு. பகலெல்லாம் வெயிலை வாங்கிச் சூடாகும் பாறை ராத்திரியில் தானாக ஆறுவது போல, ஒட்டகம் பகல் சூட்டை உடம்பிலேயே தேக்கி வைத்து, குளிர்ந்த இரவுக் காற்றில் இலவசமாக விட்டுவிடுகிறது. 500 கிலோ உடம்பு 6 டிகிரி ஏறுவதற்கு வாங்கும் சூட்டை வியர்த்து ஆற்ற வேண்டுமென்றால் 4 முதல் 5 லிட்டர் தண்ணீர் செலவாகும். அந்தச் செலவு ஒவ்வொரு நாளும் மிச்சம். உடம்பு சூடாக இருந்தால் வெளியிலிருந்து உள்ளே வரும் சூடும் குறையும் என்பது இன்னொரு லாபம்.

அப்புறம் இழப்பைத் தாங்குவது. கடும் வெயிலில் உடல் எடையில் 12 முதல் 15 சதவீதம் தண்ணீரை இழந்தால் பெரும்பாலான பாலூட்டிகள் செத்துப்போகும். ரத்தம் கெட்டியாகி, உள்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவர முடியாமல், சட்டென்று சூடு ஏறிச் சாகும். ஒட்டகம் 25 சதவீதம் இழந்தும் நடக்கும், ஏனென்றால் மற்ற திசுக்களிலிருந்து தண்ணீர் போகவிட்டு, ரத்தத்தில் இருப்பதைக் கூடியமட்டும் காப்பாற்றிக்கொள்ளும். நான் பார்த்த ஒன்று: ஜூன் மாதத்தில், மேய்ச்சலிலிருந்து நாலைந்து நாள் கழித்து ஒரு பெட்டை ஒட்டகத்தை ஒட்டகம் வளர்க்கும் ராய்க்கா சமூகத்துப் பெரியவர் ஒருவர் குட்டைக்கு ஓட்டி வந்தார். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அடிவயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது, கண்ணுக்கு மேலே குழி. கால்களை அகட்டி வைத்து, உதடுகளை நீரில் அமிழ்த்தி, சத்தமில்லாமல் உறிஞ்ச ஆரம்பித்தது. கழுத்தின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு மடக்கும் அலை அலையாக ஏறிப் போவது மட்டும் தெரிந்தது. இடையில் ஒருமுறை தலையைத் தூக்கி உதட்டை உதறியது, மறுபடி குனிந்தது. கால்மணி நேரத்துக்குள் அது வேறு ஒட்டகம் ஆகிவிட்டது. வயிறு நிறைந்து, விலா மறைந்துவிட்டது. பத்து நிமிடத்தில் 100 லிட்டர் அளவுக்கு ஒட்டகம் குடித்ததை ஷ்மிட்-நீல்சன் பதிவு செய்திருக்கிறார், அது மிகையே இல்லை. நம் ரத்தத்தில் இவ்வளவு தண்ணீர் ஒரே நேரத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் வீங்கி வெடிக்கும். ஒட்டகத்தின் சிவப்பணு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும், இரண்டு மடங்குக்கு மேல் வீங்கினாலும் தாங்கும். கவனியுங்கள், ஒட்டகம் முன்கூட்டியே சேமித்துக்கொள்ளவில்லை. இழந்ததைத்தான் திரும்ப எடுத்துக்கொண்டது. தாகமில்லாத ஒட்டகத்துக்கு முன்னால் அண்டாவை வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுநீரைக் கடல்நீரை விடக் கெட்டியாக்கும் சிறுநீரகம் அதற்கு உண்டு. புழுக்கை விழுந்த கொஞ்ச நேரத்தில் அடுப்புக்கு ஆகும் அளவுக்குக் காய்ந்திருக்கும். முதுகு மயிரைக் கத்தரித்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நாம் நினைப்போம். கத்தரித்த ஒட்டகம் வெயிலில் பாதிக்குப் பாதி கூடுதலாகத் தண்ணீரை இழந்ததை அளந்திருக்கிறார்கள். மூக்குக்குள் சுருள் சுருளாக மடிந்த எலும்புத் தகடுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் படிந்திருக்கும் காய்ந்த படலம், வெளியேறும் மூச்சிலிருந்து ஈரத்தைப் பிடித்து வைத்து, அடுத்த மூச்சு உள்ளே வரும்போது திருப்பிக் கொடுக்கும். தண்ணீர் இல்லாமல் இருக்கும் ஒட்டகத்திடம் இரவில்தான் இது நன்றாக நடக்கும். ஒரு விடியற்காலையில் அப்படிப்பட்ட ஒட்டகத்தின் மூக்குக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தேன். பசுமாட்டின் மூச்சு கையை நனைக்கும். இது நனைக்கவில்லை.

இனி இருவாச்சிக்கு வருகிறேன். நீங்கள் எடுத்திருப்பது பெரிய இருவாச்சி என்று எண்ணிக்கொள்கிறேன், கேரளத்துக்காரர்கள் மலமுழக்கி வேழாம்பல் என்று சொல்வது. மூன்று கிலோ அளவுக்கு எடை, மூன்று அடிக்கு மேல் நீளம், அலகுக்கு மேலே மஞ்சள் தொப்பி. பறக்கும்போது சிறகடிப்புச் சத்தம் நீராவி எஞ்சின் போலப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். இதன் முக்கியத் தீனி அத்தி வகைப் பழங்கள். 1990களில் ஆனைமலையில் கூடுகளைக் கவனித்த ஆய்வில், கூட்டுக்குக் கொண்டுவந்த பழங்களில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அத்திதான் இருந்தது. பழுத்த அத்தியைக் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள், விரல் நனையும். அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு நாளைக்கு இதுபோல நூற்றுக்கணக்கில் விழுங்கும் பறவை எதற்குத் தனியாக ஓடைக்குப் போக வேண்டும்? காட்டில் இருவாச்சி தண்ணீர் குடிப்பதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. “ஒருபோதும் குடிக்காது” என்று எழுத வேண்டாம், “தனக்கு வேண்டிய தண்ணீரைப் பழத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது” என்று எழுதினால் போதும், அதுவே சரி.

இதற்கு நல்ல அத்தாட்சி கூடுதான். ஜனவரி வாக்கில் பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் பழக்கூழையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். ஒரு செங்குத்தான கீறல் மட்டும் விட்டுவைக்கும், அலகு நுழையும் அளவுக்கு. உள்ளே போனதும் இறகுகளை உதிர்த்துவிடும். முட்டை பொரிய 40 நாள் அளவுக்கு ஆகும். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் உடைத்துக்கொண்டு வெளியே வரும், குஞ்சு மறுபடி வாசலை அடைத்துக்கொள்ளும். எல்லாம் முடிய நாலு மாதம் வாக்கில் ஆகிவிடும். அந்த நாலு மாதமும் மலையில் மழை குறைவான மாதங்கள். உள்ளே இருக்கும் பறவைக்கு ஒரு சொட்டுத் தண்ணீருக்கும் வழியில்லை. ஆண் கொண்டுவருவதுதான் சோறும் தண்ணீரும்.

அதை ஒரு பிப்ரவரி காலையில், தூரத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் காடர் நண்பரோடு உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்தேன். ஆண் வந்து கீறலுக்குப் பக்கத்தில் பட்டையைப் பற்றிக்கொண்டு, வாலை மரத்தில் முட்டுக்கொடுத்து நின்றது. தொண்டையை ஒரு குலுக்குக் குலுக்கியது, அலகு நுனியில் ஒரு சிவந்த அத்திப்பழம் வந்தது. கீறலுக்குள் நீட்டியது. உள்ளேயிருந்து இன்னொரு அலகு நுனி வாங்கிக்கொண்டது. மறுபடி குலுக்கல், மறுபடி ஒரு பழம். நான் முப்பது வரை எண்ணினேன். இருவாச்சியின் நாக்கு குட்டை, அலகு நுனிக்கு எட்டாது. அதனால் உள்ளே வாங்கிய பழத்தைத் தலையைப் பின்னுக்கு உதறித் தொண்டைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த உதறலில் தொப்பி பொந்தின் சுவரில் லேசாக இடிக்கும் சத்தம்கூடக் கேட்கும் என்று நண்பர் சொன்னார், நான் இருந்த தூரத்துக்கு அது கேட்கவில்லை.

மழைத்துளிக் கதை எங்கிருந்து வந்தது? மலையாளத்தில் மழைக்காக ஏங்குகிறவரை வேழாம்பலுக்கு ஒப்பிடுவது சாதாரணப் பேச்சு. நம் பக்கம் அதே கதையைச் சாதகப் பறவை மேல் ஏற்றிச் சொல்வார்கள். இருவாச்சி தலையை அண்ணாந்து உதறி விழுங்குவதைப் பார்த்தவர்களுக்கு, வானத்தைப் பார்த்து எதையோ வாங்கிக் குடிப்பது போலத் தோன்றியிருக்கலாம். குஞ்சுகள் வெளியே வரும் நேரமும் கோடைமழை தொடங்கும் நேரமும் ஒட்டி வருவதும் ஒரு காரணமாகலாம். இந்த இரண்டும் என் ஊகம்தான். மகளின் கட்டுரையில் இதைச் சேர்த்தால், நம்பிக்கை என்று சொல்லியே சேர்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஒப்பீட்டில் உண்மையான ஒற்றுமை ஒன்றும் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். இரண்டுமே கழிவில் தண்ணீரை வீணாக்குவதில்லை, ஆனால் வழி வேறு. ஒட்டகம் யூரியாவைச் சிறுநீரில் கரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும், அதனால் சிறுநீரைக் கெட்டியாக்குகிறது. தீனி குறைந்த காலத்தில் யூரியாவில் ஒரு பகுதியை வயிற்றுக்கே திருப்பி அனுப்பிப் புரதமாக்கிக்கொள்ளவும் செய்யும். பறவைகளுக்குச் சிறுநீர்ப்பையே கிடையாது. யூரிக் அமிலமாக, வெள்ளைக் குழம்பாக வெளியே தள்ளிவிடும், அதற்குத் தண்ணீர் கொஞ்சம் போதும். காக்கை எச்சத்தில் பார்க்கும் வெள்ளை அதுதான். ஆக இதில் இருவாச்சிக்குத் தனிச்சிறப்பு ஒன்றுமில்லை, உங்கள் வீட்டுக் கோழிக்கும் அதே ஏற்பாடுதான். வியர்வைச் சுரப்பியும் பறவைகளுக்கு இல்லை. சூடு தாங்காவிட்டால் அலகைத் திறந்து மூச்சு வாங்கும்.

“எது கெட்டி” என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், தண்ணீர் இல்லாத நாளைத் தாங்குவதில் ஒட்டகம்தான். இருவாச்சி அந்தப் போட்டியிலேயே இல்லை, ஏனென்றால் அது காலையிலிருந்து மாலைவரை பழத்தின் வழியாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒட்டகமும் இதையே செய்யும் காலம் உண்டு. ராஜஸ்தானில் குளிர்காலத்தில் பச்சை மேய்ச்சல் இருந்தால், வாரக்கணக்கில் குட்டைப் பக்கம் திரும்பியே பார்க்காது. அப்போது அதுவும் இருவாச்சி மாதிரி தாவரத்தைத்தான் குடிக்கிறது. உடல் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். 500 கிலோ உடம்பு மெதுவாகச் சூடேறும். 3 கிலோ உடம்புக்கு அந்த அவகாசம் கிடையாது. பகல் சூட்டைத் தேக்கி ராத்திரி விடும் வித்தையைச் சின்ன உடம்பு அதே அளவில் செய்ய முடியாது. ஆகவே இதை ஒரு பந்தயமாக எழுத வேண்டாம் என்பது என் கருத்து.

இடத்தை மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி, மகளுக்குச் சொல்லுங்கள். ஒட்டகத்தை மழைக்காட்டில் விட்டால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் அது பிழைப்பது கஷ்டம். ஈரமான இடத்தில் கடிக்கும் ஈக்கள் அதிகம். அவை பரப்பும் சர்ரா என்ற ரத்த நோய் ஒட்டகத்துக்கு எமன். ராஜஸ்தானில் இதைத் திபர்சா என்பார்கள், மூன்று வருடம் இழுத்துக் கொல்லும் என்ற பொருளில். நான் அங்கே ஊசி போட்ட ஒட்டகங்களில் பல இந்த நோய்க்குத்தான், அதுவும் மழைக்குப் பின்வந்த மாதங்களில். மறுபக்கம், இருவாச்சிக் குடும்பத்திலேயே வறண்ட நிலத்தில் வாழும் பறவை ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கலஹாரியில் வாழும் மஞ்சள் அலகு இருவாச்சி அது. நம்முடையதோடு வைத்துப் பார்த்தால் குட்டி, கால் கிலோ கூடத் தேறாது. பூச்சிகளைத் தின்று அதிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. காற்று 30 டிகிரியைத் தாண்டும்போது அலகுக்கு ரத்தத்தை அதிகமாக அனுப்பி, அலகு வழியாகச் சூட்டை வெளியே விடுகிறது. தண்ணீர் செலவே இல்லாத ஏற்பாடு. ஆனால் அதன் பெண்ணும் இதேபோல் பொந்தில் அடைபட்டுத்தான் குஞ்சு பொரிக்கிறது. வெப்பம் ஏறிய வருடங்களில் என்ன ஆயிற்று என்று அங்கே கூட்டுப் பெட்டிகள் வைத்துக் கணக்கெடுத்தார்கள். 2008-2011 காலத்தில், குஞ்சு பொரிக்க முயன்ற கூடுகளில் 58 சதவீதத்தில் குஞ்சு வெளியே வந்தது. 2016-2019 காலத்தில் 17 சதவீதம். வெயில் அதிகமான நாட்களில் ஆண் இரை தேடுவதை விட்டு நிழலில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது, உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கின்றன.

கட்டுரைக்கு இன்னும் இரண்டு தகவல் வேண்டுமானால்: இந்தியாவில் ஒட்டகங்கள் 2012 கணக்கெடுப்பில் 4 லட்சம், 2019இல் இரண்டரை லட்சம். குறைந்ததற்குத் தாகம் காரணமில்லை. டிராக்டர் வந்து வண்டி வேலை போயிற்று, மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று. பெரிய இருவாச்சியை 2018 முதல் உலக அளவில் அழியும் வாய்ப்புள்ள பறவைகளில் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு வேண்டியது இரண்டு வகை மரங்கள். ஒன்று பெரிய பொந்துள்ள கிழட்டு மரம், இன்னொன்று வருடத்தில் வெவ்வேறு மாதங்களில் பழுக்கும் அத்தி வகைகள். தோப்பு போடும்போது அத்தியை வெட்டினால் நாம் அதன் கிணற்றைத் தூர்க்கிறோம்.

வால்பாறைப் பக்கம் மகளைக் கூட்டிப்போய்க் காட்ட முடிந்தால் ரொம்ப நல்லது. சாலையோரத்தில் பழுத்து நிற்கும் ஒரு அத்தி மரத்தைக் கண்டுபிடித்து, காலை ஏழு மணிக்கு முன்னால் போய்த் தள்ளி நின்றாலே போதும். சிறகுச் சத்தம் முதலில் வரும். கூட்டு மரம் இருக்கும் இடத்தை யாராவது காட்டுகிறேன் என்றால் ஜனவரி முதல் மே வரை போகாதீர்கள். கீழே ஆள் நின்றால் ஆண் பறவை கிட்டே வராது. அது வராத நேரமெல்லாம் உள்ளே இருப்பவற்றுக்குத் தண்ணீரும் இல்லை.